பில்ட் டூல் தானாகவே அவுட்புட் ஃபோல்டரைத் துடைக்கலாமா?

செமிகோலன் கேட்டது:

எங்கள் அணியில் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தும் ஒரு சின்ன பில்ட் டூல் இருக்கிறது, எழுதியது நான்தான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டெம்ப்ளேட்டுகளை எடுத்து, ஸ்கிரிப்டுகளை ஒட்டி, படங்களைச் சுருக்கி, எல்லாவற்றையும் ஒரு அவுட்புட் ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் முதல் வேலையாக அந்த ஃபோல்டரைத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கும். இரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது, யாரும் வாய் திறந்ததில்லை.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த ஒருவர் செட்டிங்ஸில் அவுட்புட் பாதையை மாற்றியிருக்கிறார். கையால் தயாரித்து வைத்திருந்த மாதிரித் தரவுகள் ஒரு ஃபோல்டரில் இருந்தன, பில்ட் வெளியீடும் அங்கேயே வந்து விழுந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. பில்ட் கொடுத்தார். அரை விநாடிகூட ஆகியிருக்காது, மூன்று நாள் வேலை போய்விட்டது. இன்னும் முடியவில்லையே என்று, ஃபைல்களின் ஒவ்வொரு வடிவத்தையும் சேமித்து வைக்கும் கிட்டில் ஏற்றியிருக்கவில்லை. டூல் நேரடியாக அழிப்பதால் ட்ராஷிலும் ஒன்றும் இல்லை. டெர்மினலில் கடைசியாக வந்தது "பில்ட் வெற்றி, 212 ஃபைல்கள்" என்ற பச்சை வரி. அந்த வரியை எழுதிய புண்ணியவானும் நான்தான்.

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டாகுமென்டில் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். எழுதியது உண்மைதான், நான்காவது பக்கத்தில், யாரும் போகாத இடத்தில்.

இப்போது அணியில் இரண்டு கட்சி. துடைப்பதை அடியோடு எடுத்துவிடு என்கிறார்கள் ஒரு பக்கம். எடுத்தால் பழைய குப்பை சேர்ந்து வேறு விதமாகக் கழுத்தை அறுக்கும் என்கிறார்கள் இன்னொரு பக்கம். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? டீஃபால்ட் எதுவாக இருக்க வேண்டும்?

கட்டளைவரி:

நடந்ததற்கு வருத்தம்தான், ஆனாலும் துடைப்பதை எடுக்காதீர்கள். அவுட்புட் ஃபோல்டர் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதில் இருப்பது எல்லாம் எப்போது வேண்டுமானாலும் திரும்ப உண்டாக்கக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கே அர்த்தம் இல்லை.

பழைய ஃபைல்கள் செய்யும் கூத்தை நான் அனுபவித்திருக்கிறேன். பைத்தானில் செட்டப்டூல்ஸ் என்ற டூலை வைத்து வீல், அதாவது இன்ஸ்டால் செய்யத் தயாரான பேக்கேஜ், கட்டும்போது, சோர்ஸை முதலில் பில்ட் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் லிப் ஃபோல்டரில் காப்பி எடுத்து, அங்கிருந்துதான் பேக்கேஜுக்குள் போடும். சோர்ஸில் நீங்கள் ஒரு மாட்யூலை அழித்தாலும் பழைய காப்பி அங்கேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், அடுத்த வீலில் அதுவும் சேர்ந்து போகும். நாங்கள் சோதனைக்காக எழுதிய ஒரு டீபக் மாட்யூலை அழித்தோம், அழித்ததைக் கிட்டில் எல்லாரும் பார்த்து அப்ரூவும் செய்தோம். இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் ஒருவர், "மெனுவில் டீபக் என்று ஒன்று வருகிறதே, அதை நாங்கள் அழுத்தலாமா?" என்று கேட்டார். என் மெஷினில் கட்டிய வீல். பில்டையும் டெஸ்டையும் தானாக ஓட்டும் சிஐ மெஷினில் ஒவ்வொரு முறையும் புதிய ஃபோல்டர் என்பதால் அங்கே கட்டியதில் அது இல்லவே இல்லை. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆனது, சோர்ஸில் தேடினால் கிடைக்காதே!

ஜாவாவிலும் இதே கதைதான். அழித்துவிட்ட டெஸ்ட் கிளாஸின் கம்பைல் ஆன ஃபைல் டார்கெட் ஃபோல்டரில் மிஞ்சியிருந்து, இல்லாத டெஸ்ட் ஃபெயில் ஆவதைப் பார்த்திருக்கிறேன். ஜாவாவின் பில்ட் டூலான மேவனைப் பயன்படுத்துகிறவர்கள் எதற்கெடுத்தாலும் கிளீன் இன்ஸ்டால் என்று சேர்த்தே அடிப்பது இந்தப் பயத்தில் வந்த பழக்கம். பைத்தான் 2 காலத்தில் சோர்ஸ் போன பிறகும் அதன் பைட்கோட் ஃபைல் (கம்பைல் ஆன வடிவம்) மட்டும் இருந்தால் இம்போர்ட் ஆகிவிடும், அந்தத் தொல்லை 3.2-இல் பைகேஷ் ஃபோல்டர் வந்த பிறகுதான் ஓய்ந்தது.

அழித்தால் வரும் சேதம் உடனே கண்ணுக்குத் தெரியும். அழிக்காமல் விட்டால் வரும் சேதம் சத்தமில்லாமல் வாடிக்கையாளர் வரைக்கும் போகும். எனக்கு முதலாவதே மேல்.

இரவுப்பறவை:

கட்டளைவரி, உங்கள் மூன்று நாள் வேலை போயிருந்தால் "கண்ணுக்குத் தெரிகிறதே" என்று ஆறுதல் அடைந்திருப்பீர்களா? வீலை மறுபடி கட்டிக்கொள்ளலாம். போன ஃபைலை எங்கே போய்க் கட்டுவது?

என் கட்சி எளிமையானது. நான் கேட்காமல் என் டிஸ்கில் எதையும் அழிக்காதே. கிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், கிட் கிளீன் என்று வெறுமனே அடித்தால் மறுத்துவிடும், ஃபோர்ஸ் ஃபிளாக் (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் குறி) கொடுத்தால்தான் கை வைக்கும், அதுதான் டீஃபால்ட். 'கிளீன்' என்று பெயரே வைத்திருக்கிற கட்டளை அவ்வளவு தயங்கும்போது, 'பில்ட்' என்று பெயர் வைத்த கட்டளை எந்த உரிமையில் துடைக்கிறது?

பாதை தவறிப்போவது அபூர்வம் என்றும் நினைக்காதீர்கள். 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் ப்ராஜெக்டின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், அழிக்க வேண்டிய நீளமான பாதையின் நடுவே, யுஎஸ்ஆர் என்பதற்கு அப்புறம், ஒரே ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், லினக்ஸின் ப்ரோக்ராம்கள் இருக்கும் யுஎஸ்ஆர் ஃபோல்டர் முழுவதையும் அழி என்று அர்த்தமாகிவிட்டது. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற கேம் ஆப்பின் லினக்ஸ் ஸ்கிரிப்ட் இன்னும் மோசம். ஸ்டீம்ரூட் என்ற வேரியபிளுக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு ஆர்எம் -ஆர்எஃப், அதாவது கேட்காமல் எல்லாவற்றையும் அழி என்ற கட்டளை, கொடுத்திருந்தார்கள். ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்திய ஒருவருக்கு அந்த வேரியபிள் காலியாகிவிட, மிச்சம் இருந்தது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது ரூட்டில் இருந்து எல்லாமே. அந்த வரிக்கு மேலேயே, பயமாக இருக்கிறது என்ற பொருளில் ஒரே வார்த்தையில் ஒரு கமென்ட் இருந்தது. எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள். ஷெல்லில் வேரியபிள் பெயரை அடுத்து :? என்று இரண்டு குறி போட்டிருந்தால் காலியாக இருக்கும்போது அங்கேயே நின்றிருக்கும்.

குப்பை சேருகிறது என்றால் அதற்குத் தனியாக ஒரு கிளீன் கட்டளை வையுங்கள். மேக் (make) என்ற பழைய பில்ட் டூலின் காலத்தில் இருந்து அதுதானே வழக்கம்.

கட்டளைவரி:

தனிக் கட்டளை வைத்தால் யாரும் அடிக்க மாட்டார்கள், அல்லது எல்லாரும் எப்போதும் சேர்த்தே அடிப்பார்கள், மேவனில் நடப்பது போல. இரண்டிலும் உங்கள் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

பழையகணினி:

இரண்டு பேரும் துடைப்பதா வேண்டாமா என்றே பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வி இரண்டாம்பட்சம். அந்த ஃபைலை யார் எழுதியது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. டூல் எழுதியதை டூல் அழித்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை, திரும்ப எழுதிவிடும். டூல் எழுதாததை அது தொடவே கூடாது, ஃபோல்டருக்கு என்ன பெயர் இருந்தாலும் சரி. செமிகோலனின் டூல் செய்த தப்பு துடைத்தது அல்ல, தான் எழுதாத ஃபைலைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டது.

இப்போது இருக்கும் டூல்கள் இதை எப்படிக் கையாளுகின்றன என்று பார்த்தால் ஆளுக்கொரு வழி. வீட் (Vite) என்ற வெப் பில்ட் டூலை எடுத்துக்கொள்ளுங்கள், அவுட்புட் ஃபோல்டர் ப்ராஜெக்டின் ரூட்டுக்குள் இருந்தால் கேட்காமல் காலி செய்யும், வெளியே இருந்தால் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், எம்ப்டி அவுட்டிர் என்ற ஆப்ஷனை நாமே போட்டால்தான் தொடும். நல்ல யோசனை, ஆனால் செமிகோலன் சொன்ன சம்பவத்தில் அந்தத் தரவு ஃபோல்டர் ப்ராஜெக்டுக்குள்ளேயே இருந்திருந்தால் வீட்டும் அதைத் துடைத்திருக்கும். ஆங்குலர் டீஃபால்ட்டாகத் துடைக்கும், ஆனால் அவுட்புட் பாதையாக ப்ராஜெக்ட் ரூட்டையே கொடுத்தால் முடியாது என்று பிழை காட்டி நிற்கும். ஸ்ஃபிங்க்ஸும் கிளீன் செய்யும் முன் சோர்ஸ் ஃபோல்டரும் பில்ட் ஃபோல்டரும் ஒன்றா, பில்ட் ஃபோல்டருக்குள் சோர்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். வெப்பேக் 5.20-இல் கிளீன் என்ற ஆப்ஷனைத் தனக்குள்ளேயே கொண்டுவந்தது, அதற்கு முன்னால் ப்ளகின் போட வேண்டும், இன்றைக்கும் நாம் போடாவிட்டால் துடைக்காது. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர் சாதாரணமாக எதையும் அழிக்காது, அதனால் பெயர் மாற்றிய ஃபைலின் பழைய வெளியீடு காலாகாலத்துக்கும் அங்கேயே கிடக்கும், அதைப் பற்றிப் புலம்பாதவர்களும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் வெப்சைட் உண்டாக்கும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு டூல்கள் நேர் எதிராக நடந்துகொள்ளும். ஜெக்கில் ஒவ்வொரு பில்டிலும் தான் உண்டாக்காதவற்றை வெளியீட்டு ஃபோல்டரில் இருந்து நீக்கிவிடும், முக்கியமான இடத்தை அவுட்புட்டாகக் கொடுக்காதே என்று டாகுமென்டிலேயே எச்சரிப்பார்கள், விட்டுவைக்க வேண்டியதைக் கீப் ஃபைல்ஸ் பட்டியலில் போட வேண்டும். ஹியூகோ அப்படி இல்லை, அதற்கென்று இருக்கும் ஃபிளாக்கை நாம் கொடுக்காத வரை பழையதைத் தொடாது. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் இரண்டு பக்கமும் அடிபடுவார்கள்.

எனக்குப் பிடித்தது கிரேடில் என்ற பில்ட் டூலில் பெயரிலேயே வித்தியாசம் காட்டியிருப்பது. காப்பி என்ற டாஸ்க் கொண்டுபோய் வைக்கும், அங்கே ஏற்கெனவே இருப்பதை அழிக்காது. சிங்க் என்ற டாஸ்க் தான் வைக்காததை எல்லாம் அழித்துவிடும். எது வேண்டும் என்று எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, உங்கள் டூலுக்கு என்ன செய்யலாம். ஒவ்வொரு பில்டின் முடிவிலும், நான் எழுதியவை இவை என்று ஒரு பட்டியல் ஃபைலை அவுட்புட் ஃபோல்டரிலேயே வையுங்கள். அடுத்த பில்டில் பழைய பட்டியலில் இருந்து புதியதில் இல்லாதவற்றை மட்டும் அழியுங்கள். பட்டியலே இல்லை, ஃபோல்டரும் காலியாக இல்லை என்றால், இது என் ஃபோல்டர் இல்லை என்று சொல்லி நின்றுவிடுங்கள். கட்டளைவரியின் டீபக் மாட்யூல் பட்டியலில் இருந்திருக்கும், அதனால் போயிருக்கும். உங்கள் நண்பரின் தரவு பட்டியலில் இருந்திருக்காது, அதனால் தப்பியிருக்கும். ரஸ்ட் மொழியின் பில்ட் டூலான கார்கோ இதே மாதிரி டார்கெட் ஃபோல்டரில் ஒரு சின்ன அடையாள ஃபைல் போட்டு வைக்கிறது, பேக்அப் டூல்கள் அதைப் பார்த்து, இது வெறும் கேஷ் என்று விட்டுவிடுவதற்காக. நோக்கம் வேறு, ஆனால் ஃபோல்டரின் மேல் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் ஒன்றுதான்.

இரவுப்பறவை:

இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான், கோபத்தில் வேறு மாதிரி சொல்லிவிட்டேன்.

மெய்யெழுத்து:

பட்டியல் யோசனை நல்லதுதான், ஆனால் நாங்கள் அதைச் செய்து பார்த்தபோது நான்கு இடத்தில் இடறினோம். எழுதி வைக்கிறேன், உங்களுக்கும் வரும்.

பட்டியலில் இருக்கும் ஒரு ஃபைலை யாராவது கையால் திருத்தியிருந்தால்? அவுட்புட்டில் திருத்தக் கூடாதுதான், ஆனால் அவசரத்தில் எல்லாரும் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். பெயரோடு சேர்த்து ஹாஷையும், அதாவது உள்ளே இருப்பதில் இருந்து கணக்கிடும் அடையாளத்தையும், எழுதி வையுங்கள். அழிக்கும் முன்போ மேலே எழுதும் முன்போ ஹாஷ் மாறியிருந்தால் சொல்லுங்கள்.

பட்டியலும் ஒரு ஃபைல்தான், அதை யாரும் மாற்றலாம், அல்லது வேறொரு ப்ராஜெக்டில் இருந்து ஃபோல்டரோடு காப்பி ஆகி வரலாம். அதில் இரண்டு புள்ளி வைத்து மேலே ஏறும் பாதை ஒன்று இருந்தால் உங்கள் டூல் நல்ல பிள்ளையாகப் போய் வெளியில் இருப்பதை அழித்துவிட்டு வரும். ஒவ்வொரு பாதையையும் முழுதாக விரித்துப் பார்த்து, ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். சிம்லிங்க் (வேறொரு இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) இருந்தால் லிங்கை மட்டும் நீக்க வேண்டும், அது காட்டும் இடத்துக்குள் நுழையக் கூடாது.

எங்களை உண்மையிலேயே கிறுக்குப் பிடிக்கவைத்தது மூன்றாவது. ஒருவர் லோகோ படத்தின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்ததைச் சின்ன எழுத்தாக மாற்றினார். பழைய பட்டியலில் பெரிய எழுத்துப் பெயர், புதியதில் சின்ன எழுத்துப் பெயர். டூல் முதலில் புதிய ஃபைலை எழுதியது, பிறகு, பழைய பெயர் இப்போது பட்டியலில் இல்லை என்று அதை அழித்தது. லினக்ஸில் இரண்டும் வேறு வேறு ஃபைல், ஒரு பிரச்சினையும் இல்லை. மேக்கிலும் விண்டோஸிலும் சாதாரணமாக இரண்டும் ஒரே ஃபைல்! இப்போதுதான் எழுதிய லோகோவையே அழித்துவிட்டது. அணியில் பாதிப் பேருக்கு லோகோ தெரிகிறது, பாதிப் பேருக்குத் தெரியவில்லை, பிரவுசர் கேஷ் என்று நினைத்து இரண்டு நாள் கேஷைக் காலி செய்துகொண்டிருந்தோம்.

நான்காவது வரிசை. முதலில் அழித்துவிட்டுப் பிறகு பில்ட் செய்தால், பில்ட் நடுவில் விழும்போது பழையதும் இல்லை புதியதும் இல்லை என்று நிற்பீர்கள். தற்காலிக ஃபோல்டரில் கட்டி முடித்து, எல்லாம் சரி என்ற பிறகு கொண்டுவந்து வைத்து, கடைசியில் மிச்சத்தை அழியுங்கள். ஆனால் அப்படிச் செய்யும்போதுதான் லோகோ கதை வரும், அதனால் அழிக்கும் முன் பெயர்களை ஒரே அளவு எழுத்தாக்கி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நடுநிசி பில்ட்:

சின்னக் குறிப்பு. துடைப்பது என்று முடிவு செய்தால் ஃபோல்டரையே அழித்து மறுபடி உண்டாக்காதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும் எடுங்கள். ப்ரோக்ராமைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் அந்த ஃபோல்டர் வெளியில் இருந்து மவுண்ட் செய்ததாக இருந்தால் அதை அழிக்கவே விடாது, பிஸி என்று பிழை வரும். விண்டோஸில் யாராவது அந்த ஃபோல்டருக்குள் ஒரு டெர்மினலைத் திறந்து வைத்திருந்தாலும் அப்படித்தான். பாதி அழித்துவிட்டு மீதியில் மாட்டிக்கொள்வது எல்லாவற்றையும்விட மோசம்.

அப்புறம், ஒரே அவுட்புட் ஃபோல்டருக்குள் இரண்டு பில்ட் எழுதும் ப்ராஜெக்டுகள் நிறைய இருக்கின்றன, கிளையன்ட் ஒன்று, சர்வர் ஒன்று. இரண்டாவது ஓடும்போது முதலாவதின் வெளியீட்டைத் துடைத்துவிடும், அதுவும் இணையாக ஓடினால் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. பட்டியல் ஃபைலுக்கு பில்டின் பெயரையும் சேர்த்து வைத்தால் இது வராது.

சர்வர் பக்கத்து ஆள்:

எல்லாரும் உங்கள் மெஷினில் இருக்கும் ஃபோல்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அவுட்புட் பாதை நேரடியாக வெப் சர்வர் பரிமாறும் ஃபோல்டராக இருந்தால் கதையே வேறு. ஃபைல் பெயர்களில் ஹாஷ் சேர்ப்பதால் ஒவ்வொரு பில்டிலும் பெயர் மாறும். காலையில் பக்கத்தைத் திறந்து வைத்த ஒருவர் மாலையில் ஒரு பட்டனை அழுத்துகிறார், பிரவுசர் காலையில் இருந்த பெயரில் ஒரு ஸ்கிரிப்டைக் கேட்கிறது, நீங்கள் மதியமே துடைத்துவிட்டீர்கள், 404, அதாவது ஃபைல் இல்லை என்ற பிழை. எங்களுக்கு ஒவ்வொரு ரிலீஸுக்கும் அடுத்த ஒரு மணி நேரம் இந்தப் பிழையாகவே வந்து குவியும். இப்போது பழைய ரிலீஸ்களின் ஃபைல்களைக் கொஞ்ச நாள் விட்டு வைத்து, பிறகு தனி ஸ்கிரிப்டால் எடுக்கிறோம். இங்கே பில்ட் டூலுக்கு வேலையே இல்லை. ஃபைல்களை வேறு மெஷினுக்குக் காப்பி செய்யும் ஆர்சிங்கில் டெலீட் ஃபிளாக் போட்டு அனுப்புகிறவர்களுக்கும் இதே சங்கடம்தான், முதலில் டிரை ரன் (செய்யாமல் ஒத்திகை மட்டும்) பார்க்காமல் அடிப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கட்டளைவரி:

பட்டியல் முறைக்கு எனக்கு ஒரே ஒரு எதிர்ப்பு. பட்டியலில் இல்லாத ஃபைல்களை விட்டு வைத்தால், அவை பேக்கேஜுக்குள் போகாது என்று யார் பார்ப்பது? அழிக்காமல் விடுவது சரி, அதை அப்படியே கட்டி அனுப்புவது சரியில்லை. என் டீபக் மாட்யூல் கதையில் எனக்கு வலித்தது அது டிஸ்கில் இருந்ததால் இல்லை, வீலுக்குள் போனதால்.

பழையகணினி:

நியாயமான பேச்சு. அப்படியானால் பேக்கேஜ் கட்டும் படியும் அந்தப் பட்டியலைப் பார்த்தே கட்டட்டும், ஃபோல்டரை மொத்தமாக வாரி எடுக்க வேண்டாம். இரண்டு இடத்திலும் ஒரே பட்டியல் போதும்.

செமிகோலன்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து பட்டியல் முறைக்கு மாற்றிவிட்டேன், ஹாஷோடு. மெய்யெழுத்து சொன்ன லோகோ கதையைப் படித்திருக்காவிட்டால் நானும் அப்படியே விழுந்திருப்பேன், என் முதல் வடிவம் அச்சு அசலாக அந்த வரிசையில்தான் இருந்தது. டெஸ்ட் எழுதி, மேக்கில் ஓட்டிப் பார்த்தேன், ஃபைல் மாயமாகப் போனதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருத்தினேன்.

பட்டியல் இல்லாத ஃபோல்டர் காலியாக இல்லாவிட்டால் டூல் நின்றுவிடும், உள்ளே என்ன இருக்கிறது என்று முதல் இருபது பெயரைக் காட்டும், "இதை என் ஃபோல்டராக ஏற்றுக்கொள்" என்று ஒரு ஃபிளாக் கொடுத்தால்தான் தொடரும். அந்த ஃபிளாக்கும் எதையும் அழிக்காது, அன்றைக்கு எழுதியதில் இருந்து பட்டியல் போட ஆரம்பிக்கும், அவ்வளவுதான். ப்ராஜெக்ட் ரூட்டையோ அதற்கு மேலே உள்ளதையோ அவுட்புட்டாகக் கொடுத்தால் எந்த ஃபிளாக்குக்கும் மசியாது. தெரியாத ஃபைல்கள் இருந்தால் அந்தப் பச்சை வரிக்குக் கீழே மஞ்சளில் ஒரு வரி வரும்.

வேடிக்கை என்ன தெரியுமா, முதலில் மாட்டியது நான்தான். புதிய வடிவத்தை என் மெஷினிலும் பிறகு ரிலீஸ் கட்டும் மெஷினிலும் ஓட்டினேன். என்னுடையதில் ஒன்றும் இல்லை, எப்படி இருக்கும், பழைய வடிவம் தினமும் துடைத்ததாயிற்றே. ரிலீஸ் மெஷினில், தெரியாத ஃபைல் 3 என்று வந்தது. எப்படி என்று பார்த்தால், பழைய டூல் துடைத்து முடித்த பிறகு சில ஃபைல்களைக் கொண்டுவந்து போடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அங்கே இருக்கிறது, ஒரு அவசரத்தில் நானே எழுதியது, கிட்டில் இல்லவே இல்லை. இரண்டு ஃபைல் குப்பை. மூன்றாவது, தளத்தின் டேபில் வரும் சின்ன ஐகான். அதாவது எட்டு மாதமாக நாங்கள் அனுப்பிய எல்லா ரிலீஸிலும் இருந்த ஐகான் அந்த ஒரு மெஷினின் ஹோம் ஃபோல்டரில் மட்டும்தான் இருந்திருக்கிறது. அந்த மெஷினை அடுத்த மாதம் மாற்றுவதாக இருந்தோம். ஐகானை இப்போது சோர்ஸுக்குள் ஏற்றிவிட்டேன்.

மாதிரித் தரவு இழந்தவரிடம் புதிய டூலைக் காட்டினேன். பழைய பாதையையே மறுபடி கொடுத்துப் பார்த்தார், டூல் நின்றது. "சரி" என்றார். தரவைப் பாதிக்கு மேல் திரும்ப எழுதிவிட்டாராம், இந்த முறை தினமும் கிட்டில் ஏற்றுகிறார்.

இன்னும் ஒரு சந்தேகம். தெரியாத ஃபைல் இருக்கும்போது பில்ட் முடிந்தால் எக்ஸிட் கோட் 0 (வெற்றி) கொடுப்பதா, 1 (தோல்வி) கொடுப்பதா? 1 கொடுத்தால் எல்லாரும் எரிச்சலில் ஃபிளாக்கை நிரந்தரமாகப் போட்டு வைத்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

கட்டளைவரி:

மெஷினைப் பொறுத்தது. ஆள் உட்கார்ந்து ஓட்டும்போது 0, மஞ்சள் வரி போதும். சிஐயில் 1. அங்கே தெரியாத ஃபைல் இருக்க ஒரு காரணமும் இல்லை, இருந்தால் யாரோ உங்களை மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

செமிகோலன்:

வாங்கிக்கொள்கிறேன். அப்படியே மாற்றிவிடுகிறேன்.